மூன்று சென்டிமீட்டரில் தொடங்கும் முடிவுகள்: பிரசவத்துக்குத் தயாராவது பற்றி

இரவெல்லாம் விட்டுவிட்டு வலித்த வயிற்றோடு விடியற்காலையில் மருத்துவமனைக்கு வருகிறாள் தலைப்பிரசவத்துக்காரி. பரிசோதித்த செவிலியர், "கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது" என்கிறார். அடுத்து நடப்பது இரண்டில் ஒன்று. வீட்டுக்குப் போய், வலி நெருங்கியதும் வரச் சொல்வார்கள். அல்லது ஒரு படுக்கையைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். பிரசவம் எப்படிப் போகும் என்பதில் இந்தச் சிறிய இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கர்ப்பம் முழுக்க எல்லோரும் அவளிடம் கேட்டது வேறொரு கேள்வி: "சுகப்பிரசவமா, சிசேரியனா?"

அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லப் பெரும்பாலான பெண்களால் முடியாது. எங்கே பிரசவிப்பது, யார் உடனிருப்பது, வலியை எப்படித் தாங்குவது, எப்போது ஊசி மருந்து ஏற்றுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றில் பல, வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் பேச அவளுக்குத் தெம்பில்லாத நேரத்தில் வருகின்றன. அவற்றை ஏழாம், எட்டாம் மாதத்திலேயே பேசி வைப்பதுதான் உண்மையான தயாரிப்பு என்பது என் உறுதியான எண்ணம். பையில் எதை எடுத்து வைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடிகாரம் எங்கிருந்து வந்தது

1955இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன், தலைப்பிரசவத்துக்கு வந்த 500 பெண்களின் கருப்பை வாய் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு திறந்தது என்பதை வரைபடமாக்கினார். 1972இல், இன்றைய ஜிம்பாப்வேயில் பணியாற்றிய ஃபில்பாட், காஸில் என்ற இரு மருத்துவர்கள், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் ஓர் எச்சரிக்கைக் கோடு போட்டார்கள். தூரத்துச் சிறு மருத்துவ நிலையங்களில் சிக்கலாகும் பிரசவத்தை நேரத்தோடு கண்டுபிடித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே அதன் நோக்கம். நல்ல நோக்கம். காலப்போக்கில் அந்தக் கோடு எல்லா இடங்களிலும் ஒரு விதியாக இறுகியது. கோட்டுக்குப் பின்தங்கிய பெண்ணுக்கு வலியைக் கூட்டும் மருந்து ஏற்றினார்கள். அதிலும் நகரவில்லை என்றால் அறுவை சிகிச்சை.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் இந்த விதியைத் தளர்த்தின. தீவிர வலிக் கட்டம் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கட்டம் எவ்வளவு நேரம் நீளும் என்பதற்குப் பொது அளவே கிடையாது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தலையீடும் கூடாது. ஐந்து சென்டிமீட்டரிலிருந்து முழுமையாகத் திறப்பதற்குத் தலைப்பிரசவத்தில் வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை, அடுத்த பிரசவங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை என்பது அது தரும் கணக்கு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் 2014லேயே இந்தத் தொடக்கப் புள்ளியை ஆறு சென்டிமீட்டருக்குத் தள்ளிவிட்டன.

ஆகவே, தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது, மூன்று சென்டிமீட்டரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஆரம்பக் கட்டத்திலேயே சேர்க்கப்பட்ட பெண்களுக்குச் செயற்கையாக வலி கூட்டுவதும் சிசேரியனும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிக்கலான வலி உள்ளவர்களே சீக்கிரம் வருகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம். வீடு தூரமாக இருந்தாலோ தனியாக இருந்தாலோ கணக்கு வேறு. அதையும் முன்பே மருத்துவரிடம் பேசி வையுங்கள்.

எப்போது கிளம்புவது? தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்து வந்தால் கிளம்பலாம் என்பது பரவலான கணக்கு. நடந்தால், படுத்தால், வெந்நீரில் குளித்தால் தணிந்துவிடுவது பெரும்பாலும் சூட்டு வலி. இரண்டாவது, மூன்றாவது குழந்தை என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே கிளம்ப வேண்டிய நிலைகளும் உண்டு. பனிக்குடம் உடைந்தால் நிறத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சளியோடு கலந்த சிறு கசிவைத் தாண்டிய இரத்தப்போக்கு, பார்வை மங்கலோடு வரும் கடும் தலைவலி, வலிப்பு, காய்ச்சல், 37 வாரம் முடியும் முன்பே வரும் வலி ஆகியவையும் அப்படியே. குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே போக வேண்டும். "பிரசவம் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும்" என்று சொல்வது தவறு, ஆபத்தான தவறு. கடைசி நாள் வரை அசைவு தொடர வேண்டும். பனிக்குடம் உடைந்தபின் தொப்புள்கொடி வெளியே தட்டுப்பட்டால், முழங்காலிட்டுத் தலையைத் தாழ்த்தி இடுப்பை உயர்த்தியபடி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இது அரிது, ஆனால் தெரிந்திருந்தால் குழந்தையின் உயிரைக் காக்கும்.

எங்கே, யாருடன்

வீட்டில் பிரசவிப்பதா, மருத்துவச்சிகள் நடத்தும் மையத்திலா, மருத்துவமனையிலா என்ற விவாதம் பெரும்பாலும் நம்பிக்கைகளின் சண்டையாகவே நடக்கிறது. எண்கள் கொஞ்சம் நிதானப்படுத்துகின்றன. இங்கிலாந்தில் 2011இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சிக்கல் வாய்ப்பு குறைந்த 64,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்தது. இரண்டாவது அல்லது அதற்கடுத்த பிரசவங்களில், வீட்டில் திட்டமிட்டவர்களுக்கும் மருத்துவமனையில் திட்டமிட்டவர்களுக்கும் குழந்தையின் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைப்பிரசவத்திலோ, குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் ஆயிரத்துக்கு 9.3. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவக்காரர்களில் 45 சதவீதத்தினர் நடுவிலோ பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள்.

இந்த எண்களும் பயிற்சி பெற்ற மருத்துவச்சி வீட்டுக்கே வந்து, அழைத்ததும் ஆம்புலன்ஸ் வந்து, எதிர்பார்த்து நிற்கும் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் ஓர் ஏற்பாட்டுக்குள் கிடைத்தவை. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், காணொளிகளைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே பிரசவிக்கத் துணிவதை நான் எந்த வகையிலும் ஆதரிக்க மாட்டேன். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு, முன்னறிவிப்பு ஏதுமின்றி, அதுவரை எல்லாம் சீராக இருந்த பெண்ணுக்கும் வரக்கூடியது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலோரின் நடைமுறைத் தேர்வு. அறையின் வசதியைப் பார்ப்பதை விடச் சில கேள்விகளைக் கேட்பது பயன் தரும். இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து மருத்துவர் இங்கே இருப்பாரா, அழைத்து வரவேண்டுமா? இரத்தம் கையிருப்பில் இருக்குமா? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் பார்ப்பது யார்? முதல் பிரசவங்களில் எத்தனை சதவீதம் சிசேரியனாக முடிகிறது? வலியின்போது எழுந்து நடக்கலாமா? உடன் ஒருவர் இருக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால், வேறு இடம் தேட வழியிருக்கும் எவரும் தேட வேண்டும் என்பேன். பிரசவத்தின் போது ஒருவர் இடைவிடாமல் உடனிருப்பது பற்றி 26 பரிசோதனைகளையும் 15,000க்கும் மேற்பட்ட பெண்களையும் கொண்ட தொகுப்பாய்வு 2017இல் வெளியானது. துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது. சிசேரியனும், ஆயுதம் போட்டு எடுப்பதும், வலி மருந்தும் குறைந்தன. வலி நேரமும் சற்றுச் சுருங்கியது. பிரசவத்தைப் பற்றிய கசப்பு நினைவுகளும் குறைந்தன. எந்தக் கருவியும் எந்த மருந்தும் இல்லாமல், ஒரு மனிதர் பக்கத்தில் இருந்ததற்குக் கிடைத்த பலன் இது. பிரசவத்தைக் கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதிதாக வடிவமைத்த படிவத்தில், தாயின் விவரங்களுக்கு அடுத்து நிரப்ப வேண்டிய முதல் கட்டமே "துணை இருக்கிறாரா?" என்பதுதான். இரத்த அழுத்தத்துக்கும் குழந்தையின் இதயத்துடிப்புக்கும் முன்னால் அது நிற்கிறது.

துணை கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவோ, அக்காவோ, தோழியோ, இதற்கென்றே பயிற்சி பெற்றவரோ இருக்கலாம். பதற்றப்படாதவராக இருக்க வேண்டும். இடுப்பை எங்கே அழுத்திவிட்டால் இதமாக இருக்கிறது, எப்போது தண்ணீர் கொடுப்பது, எப்போது பேசாமல் இருப்பது என்பதை முன்பே பழகிக்கொள்ளட்டும். மருத்துவர் வந்து ஏதாவது சொல்லும்போது, பெண்ணின் விருப்பம் என்ன என்று நினைவூட்டுவதும் துணையின் வேலைதான்.

வலிக்கு என்ன செய்வது

1847இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்தில் குளோரோஃபார்மைப் பயன்படுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. 1853இல் விக்டோரியா அரசி அதை முகர்ந்து குழந்தை பெற்றபின் அந்த எதிர்ப்பு அடங்கத் தொடங்கியது. வலியைத் தாங்குவதைத் தாய்மையின் சோதனையாகப் பார்க்கும் மனப்போக்கு மட்டும் இன்னும் முழுதாக ஓயவில்லை. மருந்து கேட்ட பெண் தோற்றுவிடவில்லை. கேட்காதவள் எதையும் நிரூபிக்கவும் இல்லை.

மருந்தில்லா வழிகளில் பயனுள்ளவை எளிமையானவை. எழுந்து நடப்பதும், நின்றபடி சாய்ந்துகொள்வதும், முழங்காலிட்டுக் குனிவதும், கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் வரையிலான முதல் கட்டத்தைச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைக்கின்றன. வெதுவெதுப்பான நீரில் அமர்வது, முதுகில் செலுத்தும் வலி மருந்தான எபிடூரலின் தேவையை ஓரளவு குறைக்கிறது. நிதானமாக மூச்சை வெளியே விடப் பழகுவது, வலி ஏறும்போது உடல் இறுகிப் போகாமல் காக்கிறது. இதைக் கடைசி வாரத்தில் தொடங்கினால் போதாது. மூச்சுப் பழக்கம் சில வாரங்களாவது தினமும் செய்தால்தான் நெருக்கடியில் தானாக வரும்.

பாதி நைட்ரஸ் ஆக்ஸைடும் பாதி ஆக்ஸிஜனும் கலந்த வாயுவைப் பெண்ணே கையில் பிடித்து இழுத்துக்கொள்ளும் முறை சில இடங்களில் உண்டு. அது வேலை செய்ய ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும் என்பதால், வலி உச்சத்துக்கு வரும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே இழுக்க வேண்டும். பெத்திடின் போன்ற ஊசிகள் வலியை மழுப்பும், தூக்கமும் குமட்டலும் தரும். பிரசவத்துக்கு மிக நெருக்கத்தில் போட்டால் குழந்தையின் மூச்சும் மந்தமாகலாம்.

எல்லாவற்றிலும் வலுவானது எபிடூரல். முதுகெலும்பை ஒட்டிய இடத்தில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து மருந்தைச் செலுத்துகிறார்கள். அது சிசேரியன் வாய்ப்பைக் கூட்டுவதில்லை என்பதும், நீண்டகால முதுகுவலிக்கு அது காரணமில்லை என்பதும் தொகுப்பாய்வுகளில் தெளிவாகிவிட்டன. குழந்தையை வெளித்தள்ளும் கட்டம் சற்று நீளும், இரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் பிரிய குழாய் தேவைப்படலாம், ஏறக்குறைய நூறில் ஒருவருக்குச் சில நாள் கடும் தலைவலி வரலாம். இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் போட முடியாமல் போகலாம். அதனால்தான் இதை முன்பே கேட்டு வைக்கச் சொல்கிறேன்.

வெளித்தள்ளும் கட்டத்தில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக் கட்டுவது மருத்துவருக்கு வசதி. தாய்க்கு அதுதான் நல்லது என்பதற்குச் சான்றில்லை. எபிடூரல் போடாதவர்கள் நிமிர்ந்த நிலையில் பிரசவித்தால் ஆயுதப் பிரசவமும் கீழே வெட்டுப் போடுவதும் குறைகின்றன; இரத்தப்போக்கு மட்டும் சற்றுக் கூடக்கூடும். எபிடூரல் போட்டவர்களுக்கு விஷயம் தலைகீழ்: பிரிட்டனில் 2017இல் வெளியான பரிசோதனையில், ஒருக்களித்துப் படுத்தவர்களுக்கே தாமாகக் குழந்தையைத் தள்ளும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுப் போடுவதையும், வயிற்றின் மேலிருந்து கையால் அழுத்தித் தள்ளுவதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. கிழிசலைக் குறைக்க, 34 வாரத்துக்குப் பிறகு பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தசையை எண்ணெய் தடவி மெல்ல நீவிவிடுவது தலைப்பிரசவத்தில் தையலின் தேவையைக் குறைக்கிறது. குழந்தையின் தலை தெரியும்போது வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றடம் கொடுப்பதும் கடும் கிழிசலைத் தடுக்கிறது.

தூண்டுவதும் வெட்டி எடுப்பதும்

கணித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்றுதான். தேதி தாண்டியதுமே பதற வேண்டாம். ஆனால் 41 வாரம் நிறைந்தபின் வலியைத் தூண்டுவதே பரிந்துரை. ஸ்வீடனில் 41 வாரத்தில் தூண்டுவதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட பரிசோதனை, காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்து, தூண்டிய பிரிவில் ஒன்றுகூட இறக்காததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

தூண்டினால் சிசேரியனில்தான் முடியும் என்ற அச்சம் பரவலானது. அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட தலைப்பிரசவக்காரர்களிடம் நடந்து 2018இல் வெளியான பரிசோதனையில், 39 வாரத்தில் தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் ஆனது. எல்லோரையும் 39இல் தூண்டிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கருப்பை வாய் பதமாகும் முன் தூண்டினால் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம் என்பதைச் சொல்லாமல் தொடங்கிவிட்டு, பன்னிரண்டு மணி நேரத்தில் "பலிக்கவில்லை" என்று கைவிடுவதுதான் சிக்கல். தூண்டச் சொன்னால் காரணம் என்ன, எந்த முறை, எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள்.

இன்று உலகில் ஐந்தில் ஒரு குழந்தை சிசேரியனில் பிறக்கிறது. தேவைப்படும் பெண்ணுக்குக் கிடைக்காத சிசேரியன் உயிரைப் பறிக்கும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலோ, பிரசவ நேரத்தில் குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ, தொப்புள்கொடி முன்னால் நழுவினாலோ அதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் "கொடி சுற்றியிருக்கிறது" என்று ஸ்கேனில் வந்ததை மட்டும் வைத்து அறுவைக்குத் தேதி குறிப்பது நியாயமில்லை. ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை கழுத்தில் கொடியோடு பிறந்து, பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. தலை மேலிருந்தால், 37 வாரத்தில் வயிற்றின் மேலிருந்தே குழந்தையைத் திருப்பும் முயற்சி ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கிறது. அப்படிச் செய்பவர் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். முந்தையது சிசேரியன் என்றாலும், தகுதியுள்ள பெண்களில் 60 முதல் 80 சதவீதத்தினர் அடுத்ததைச் சுகப்பிரசவமாக்க முடிகிறது. பழைய தழும்பு விட்டுப்போகும் ஆபத்து ஏறக்குறைய இருநூறில் ஒன்று. ஆகவே உடனே அறுவை செய்ய வசதியுள்ள இடத்தில்தான் முயல வேண்டும்.

எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பதும் இந்தக் கணக்கில் வருகிறது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கும் பெண்களில், அது கருப்பைச் சுவருக்குள் வேரோடிப் பிரியாமல் போகும் வாய்ப்பு முதல் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. முதல் சிசேரியனை எண்ணித் துணிய வேண்டும் என்பது இதனால்தான்.

திட்டமிட்ட சிசேரியனுக்கும் தயாரிப்பு உண்டு. அவசரமில்லை என்றால் 39 வாரத்துக்கு முன் நாள் குறிக்க வேண்டாம். குழந்தைக்கு மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்பு அதற்கு முன் அதிகம். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள், தாய் விழித்திருப்பாள். குழந்தையை அங்கேயே மார்பில் வைத்துக்கொள்ளலாமா, உடன் ஒருவர் வரலாமா என்று முன்பே கேளுங்கள்.

பிறந்த முதல் ஒரு மணி நேரம்

குழந்தை நலமாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமேனும் கழித்தே வெட்ட வேண்டும். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போகும் இரத்தம், பின்னாளில் இரும்புச்சத்துக் குறைவைத் தடுக்கிறது. தாயின் வெற்று மார்பில் குழந்தையைக் கிடத்தி, முதல் மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குவது நல்லது. எடை பார்ப்பதும் குளிப்பாட்டுவதும் காத்திருக்கலாம். அதே நேரத்தில் கருப்பையைச் சுருங்கவைக்கத் தாய்க்குப் போடும் பத்து யூனிட் ஆக்ஸிடோசின் மருந்தை "இயற்கையாக விட்டுவிடலாம்" என்று மறுக்காதீர்கள். இரத்தப்போக்கைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் மருந்து அது.

இவ்வளவையும் ஒரே ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, துணைக்கு வருபவரிடம் கொடுத்து வையுங்கள். "எபிடூரல் வேண்டாம்" என்று ஒற்றை வரியில் எழுதுவதை விட, "நான் கேட்டால் மட்டும், கேட்டால் தாமதிக்க வேண்டாம்" என்று எழுதுவது உதவும். "சிசேரியன் வேண்டாம்" என்பதை விட, "சிசேரியன் என்றால் துணை உடனிருக்க வேண்டும், குழந்தையை என் மார்பில் வைக்க வேண்டும்" என்பது உதவும். யாராவது ஏதாவது செய்யப் போகிறோம் என்றால், "இது அவசரமா? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா?" என்று கேட்கும் பொறுப்பு துணையுடையது. அவசரம் என்று பதில் வந்தால், கேள்வியை நிறுத்திவிட்டு வழி விட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு வரும் ஆறு வாரத்தையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைதல், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், பார்வை மங்கும் தலைவலி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம்: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே அவசரப் பிரிவில் வேறு எதையும் சொல்வதற்கு முன், பிரசவமாகி எத்தனை நாள் ஆகிறது என்பதைச் சொல்லுங்கள்.